வெள்ளைப் புள்ளியில் லீவர்

டிசம்பர் 2, திங்கள்

புது ஃபைல். பழையது ஐந்து வருடத் தாள்களைத் தாங்கி வயிறு பிரிந்துவிட்டது.

நான் டைரி எழுதுகிறவள் இல்லை, அடிக்கிறவள். மாடியில் மாணவிகள் இல்லாத நேரமாகப் பார்த்து, எனக்கென்று ஒதுக்கிய மூன்றாம் நம்பர் தமிழ் மிஷினில் ஒரு தாளைச் செருகி, மனதில் கிடப்பதை அடித்துத் தள்ளினால்தான் என் விரல்கள் சூடாகும். அடித்த தாளை மேஜையில் கவிழ்த்து வைப்பேன். ராத்திரி இவர் வந்து ஓட்டை போட்டு ஃபைலில் கோப்பார். படிக்க மாட்டார். கல்யாணமான புதிதில் ஒரு தடவை படித்துவிட்டு, "எங்கம்மாவப் பத்தி இப்படியா எழுதுவ" என்று கேட்டார். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் இனிமேல் படிப்பதில்லை என்று சத்தியம் செய்தார். இருபத்தெட்டு வருடமாகக் காப்பாற்றுகிறார். ஓட்டை போடும்போதுகூட முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். தீப்பெட்டி ஆபீசில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர், சொன்னால் சொன்னதுதான்.

கோவில்பட்டியில் டைப்ரைட்டிங் செத்துப்போச்சு என்கிறவர்கள் என் மாடிக்கு வந்து பார்க்கலாம். பிப்ரவரி 23 அரசுத் தேர்வுக்குப் பதினோரு பேர் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறார்கள். செவ்வாய், வியாழன், சனி காலைகளை டயாலிசிஸ் எடுத்துக்கொள்கிறது, அதுவும் இரண்டு வருடமாக. மிச்சமெல்லாம் என்னுடையது.

டியூப்லைட் மங்கிவிட்டது. மாற்றச் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 5, வியாழன்

பக்கத்துப் படுக்கை சுடலைமுத்துவுக்கு வேறு வேலையே இல்லை. மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். இடது கண் போய் வருடம் ஒன்றாகிறது. ஊசி குத்தி ரத்தம் ஓட ஆரம்பித்ததும் என் பக்கம் திரும்பி அதையே கேட்கிறார்.

"டீச்சர், கண்ணு பாத்தாச்சா?"

"என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல."

"நானும் அப்படித்தான் சொன்னேன். சின்னதாப் பூச்சி பறக்குத மாதிரிதான் ஆரம்பிச்சுது. சக்கரைல கிட்னி போனவனுக்குக் கண்ணும் பாக்கணும்னு டாக்டர் சீட்டு எழுதித் தந்தாரு. சட்டப்பைல வச்சுத் தொவச்சுட்டேன்."

தலையணையைச் சரிசெய்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். கிட்னிக்கென்று வந்த இடத்தில் இவருக்கு எதற்குக் கண் பேச்சு.

டிசம்பர் 7, சனி

புது டியூப்லைட் மாட்டியாயிற்று. அதுவும் மங்கல். இப்போதெல்லாம் எந்தப் பொருளில் தரம் இருக்கிறது?

டிசம்பர் 11, புதன்

மாடி முழுக்க ஒட்டடை. மிஷினுக்கு மேலே, ஜன்னலுக்குக் குறுக்கே, எங்கே பார்த்தாலும் கறுப்பு கறுப்பாக நூல் தொங்குகிறது. இவரைக் கூப்பிட்டேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஏணி போட்டு, ஒரு காலைப்பொழுது முழுக்க அடித்தார். முடித்துவிட்டு இறங்கினார்.

"சுத்தமாப் போச்சா?"

"மூஞ்சிக்கு நேரா தொங்குது, தெரியலையா?" என்று கத்தினேன்.

இவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி ஏணியில் ஏறி, ஒன்றுமில்லாத இடத்தில் இரண்டு தடவை துடைப்பத்தை வீசிவிட்டு இறங்கினார். கோபம் வந்தால் இவர் இப்படித்தான், பேசாமல் நடித்துக் காட்டுவார்.

டிசம்பர் 18, புதன்

மாதிரித் தேர்வு. வேகத் தாளில் எல்லாரும் தேறிவிட்டார்கள். கட்டம் போட்டு அடிக்க வேண்டிய ஸ்டேட்மென்ட் தாளில் ஜெபமணி சொதப்பிவிட்டாள். முப்பத்தாறு வயது, பள்ளிக்கூட ஆபீசில் தற்காலிக வேலை. தமிழ் டைப்ரைட்டிங் சீனியர் தேர்வில் தேறினால்தான் வேலை நிரந்தரம். ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டைவிட்டவள். அடிப்பதில் குறையில்லை. கட்டத்துக்குக் கோடு போடுவதில்தான் கை நடுங்கியிருக்கிறது. நடுவில் எல்லாக் கோடும் வளைந்து கிடந்தது. பெயில் போட்டேன்.

"ஸ்கேல் வச்சுத்தான் டீச்சர் போட்டேன்."

"அப்ப ஸ்கேல் வளஞ்சிருக்கும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

ஜெபமணி அதே தாளையும் ஒரு இரும்பு ஸ்கேலையும் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். கோட்டின் மேல் ஸ்கேலை வைத்தேன். விரலால் தடவிப் பார்த்தேன். கோடு ஸ்கேலோடு ஒட்டித்தான் போகிறது. ஆனால் ஸ்கேலும் வளைந்திருந்தது.

பாஸ் போட்டுக் கொடுத்துவிட்டேன். கண்ணாடியின் பவர் மாறியிருக்கும். தேர்வு முடியட்டும், கடைவீதியில் வேறு கண்ணாடி போட்டுக்கொள்ளலாம்.

டிசம்பர் 31, செவ்வாய்

வருடத்தின் கடைசி நாளிலும் டயாலிசிஸ். சனிக்கிழமைக்குப் பிறகு உடம்பில் மூன்று கிலோ நானூறு தண்ணீர் எடை ஏறியிருந்ததற்கு நர்ஸ் திட்டினாள். ஒரே ஒரு கடலைமிட்டாய் தின்றேன், அதற்குப் பிறகு தாகத்தை என்ன செய்ய?

ஜனவரி 6, திங்கள்

மிஷின்களைத் துடைக்கும் நாள். எழுத்து அச்சுகளில் மை அடைத்து, 'ம'வும் 'ழ'வும் உருண்டை உருண்டையாக விழுகின்றன. மண்ணெண்ணெயில் பழைய பல்துலக்கி. துடைத்த அச்சு ரிப்பனில் படாமல் இருக்க ரிப்பன் லீவரை வெள்ளைப் புள்ளிக்குத் தள்ளிவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். கறுப்புப் புள்ளியில் வைத்தால் ரிப்பனின் மேல்பாதி, சிவப்பில் வைத்தால் கீழ்பாதி, வெள்ளையில் வைத்தால் ரிப்பனே எழும்பாது. மையில்லாமல் வெறும் அச்சால் மெழுகுத்தாளைக் குத்தி ஸ்டென்சில் வெட்டிய காலத்து ஏற்பாடு. இந்தப் பிள்ளைகளுக்கு ஸ்டென்சில் என்றால் என்னவென்றே தெரியாது, சொல்லிக்கொடுத்தேன்.

மூன்றாம் நம்பர் மட்டும் பாக்கி, இந்தத் தாளை உருவியதும் துடைக்க வேண்டும். அதற்குள் கண் எரிச்சல். மண்ணெண்ணெய் வாடைதான்.

ஜனவரி 8, புதன்

இங்கேயாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று டயாலிசிஸ் முடிந்து எழுந்து உட்கார்ந்ததும் வலது கண்ணுக்குள் மை கொட்டினது மாதிரி ஏதோ இறங்கியது. முதலில் புகை, அப்புறம் இருட்டு. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு இவரைப் பார்த்தேன். சட்டையின் நிறம் தெரிந்தது. முகம் தெரியவில்லை. "தலை சுத்துதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து இவர் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒட்டடையும் இல்லை, டியூப்லைட்டும் இல்லை. எனக்கு டிசம்பரிலேயே தெரியும்.

யாரிடமும் சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த வார்த்தை "மாடியைப் பூட்டு" என்பதாகத்தான் இருக்கும். இந்த நோய்க்கு உப்பைக் கொடுத்தேன். தண்ணீரைக் கொடுத்தேன். வாரத்தில் மூன்று காலைகளைக் கொடுத்தேன். இடது கையைக் கொடுத்தேன், அதில் ஊசி குத்தாத இடமில்லை. மாடியைக் கொடுக்க மாட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

டயாலிசிஸில் பிரஷர் நூற்றுத்தொண்ணூறு. கண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை. சுடலைமுத்து வழக்கம்போலக் கேட்டார். "பாத்தாச்சு" என்று பொய் சொன்னேன். "நல்லதாப் போச்சு டீச்சர்" என்று அந்த மனுஷர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். அது வேறு குத்துகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருடமே கிட்னி டாக்டர் எனக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார், கண்ணை உடனே காட்ட வேண்டும் என்று. அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. வீணாக்குவானேன் என்று மிஷினில் செருகி மார்ஜின் சரிபார்த்தேன். இப்போது கார்பன் டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது.

இன்று சாயங்காலம் திருத்த முடியவில்லை. ஒவ்வொருத்தியாக வாசிக்கச் சொல்லிக் காதால் பிழை பிடித்தேன். புதுப் பயிற்சி என்று சொன்னேன். நம்பினார்கள். ஜெபமணி நம்பவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

பயமாக இருக்கிறது. இந்த இரண்டு வார்த்தையை அடிக்க மூன்று தடவை விரலை வைத்து எடுத்தேன்.

ஜனவரி 11, சனி

டயாலிசிஸ் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். இவர் மூன்று தாளை மேஜையில் வைத்தார். மூன்றும் சாம்பல் நிறமாக இருந்தன. இவர் விரல்களிலும் பென்சில் கறுப்பு.

"என்ன இது?"

"புதன்கெழம ஒண்ணு, வியாழக்கெழம ஒண்ணு, நேத்து ஒண்ணு. மூணும் வெறுந்தாளா இருந்துச்சு. நீ வெறுந்தாளக் கவுத்து வைக்கிற ஆளில்லையேன்னு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தேன். பள்ளம் பள்ளமா எழுத்து தெரிஞ்சுது. பென்சில படுக்கப்போட்டுத் தேச்சேன்."

திங்கட்கிழமை துடைத்துவிட்டு லீவரைத் திருப்பி வைக்கவில்லை. மூன்று நாளும் ரிப்பன் எழும்பவே இல்லை, வெறும் அச்சு போய்த் தாளைக் குத்தியிருக்கிறது. உட்கார்ந்ததும் முதலில் லீவரைப் பார் என்று இருபத்தெட்டு வருடமாக ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள் நான். அடிக்கும்போது தாளைப் பார்ப்பதில்லை என்பது என் பெருமை. அடித்த பிறகும் பார்க்கவில்லை என்பதை இந்த மனுஷர் கண்டுபிடித்துவிட்டார்.

"சத்தியம் பண்ணீங்களே, அது என்னாச்சு?"

"எழுதுன தாளப் படிக்கக் கூடாதுன்னுதான் சத்தியம். வெறுந்தாளப் பாக்கக் கூடாதுன்னு நீ சொல்லலையே வல்லி."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். இனி உங்களோடு பேசப்போவதில்லை என்றேன்.

"பேச வேண்டாம். திங்கக்கெழம மதுரைக்குப் போறோம், கண்ணாஸ்பத்திரிக்கு. பேசாமயே வா."

அந்தத் தாள்களைச் சாம்பல் பூசினபடியே ஃபைலில் கோத்துவிட்டார். இந்தத் தாளை அடிக்கும் முன் லீவரை விரலால் தடவிப் பார்த்தேன். கறுப்பில்தான் இருக்கிறது.

ஜனவரி 13, திங்கள்

போகிப் பண்டிகை. பஸ் முழுக்கக் கூட்டம். பேசாமல்தான் போனேன்.

எழுத்துப் பலகையில் இடது கண்ணால் நாலு வரி வாசித்தேன். வலது கண்ணுக்குப் பலகையே தெரியவில்லை. சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். டாக்டர் சின்னப் பெண், பேச்சில் மட்டும் என்னைவிடக் கறார்.

"எத்தனை வருஷமா சுகர் இருக்கு?"

"பதினெட்டு."

"கிட்னி கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சப்பவே வந்திருக்கணும். அங்கயும் இங்கயும் ஓடறது ஒரே மாதிரி மெல்லிசான ரத்தக்குழாய்ங்கம்மா. சுகரும் பிரஷரும் அங்க கெடுத்தா இங்கயும் கெடுத்திருக்கும்னு பாக்கறது எங்க வழக்கம். யாரும் சொல்லலையா?"

"யாரும் சொல்லல" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

இவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் ஒரு அட்டையைக் கொடுத்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கச் சொன்னாள். அட்டை முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு. இடது கண்ணுக்கு நடுவில் எல்லாம் வளைந்திருந்தது. ஜெபமணியின் ஸ்டேட்மென்ட்டேதான். அந்தப் பெண்ணுக்குப் பெயில் போட்டேனே என்று அங்கேயே அழுகை வந்துவிட்டது. கண் போனதற்கு அழுகிறேன் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டு முதுகைத் தடவினாள்.

வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. கரைந்தாலும் பழைய பார்வை வராது என்றாள். இடது கண்ணில் நீர் கோத்திருக்கிறது. அதைக் காப்பாற்றலாம், ஆனால் இனி ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது. கண்ணுக்குள் ஊசி, பிறகு லேசர். டயாலிசிஸ் இல்லாத நாளில்தான் எல்லாம். அங்கே ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டுக் கடிதம் கொடுத்தாள். பயந்துகொண்டு நானாக டயாலிசிஸை நிறுத்திவிடக் கூடாது என்றும் சொன்னாள். தண்ணீர் எடையும் பிரஷரும் கட்டுக்குள் இல்லாவிட்டால் ஊசி மட்டும் போதாதாம்.

"கண்ணுல ஊசின்னா பயமா இருக்காம்மா?"

"வாரத்துக்கு ஆறு தடவை கையில குத்துறாங்க. அந்த ஊசித் தடிமன்ல பாதிதான் இருக்கும் இது. நீங்க போடுங்க. பிப்ரவரி இருபத்திமூணு எனக்குப் பார்வை வேணும், அதச் சொல்லுங்க."

"தேதியெல்லாம் சொல்ல முடியாதும்மா."

"நான் சொல்லிட்டேன்ல" என்றேன்.

திரும்பும்போது சாத்தூர் தாண்டிப் பேச ஆரம்பித்தேன். வேறு வழி? பஸ்ஸில் இறங்கும் படி எங்கே இருக்கிறது என்று இவரைத்தானே கேட்க வேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஊரே பானையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் ரத்தம் ஓடும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுடலைமுத்துவிடம் பொய் சொன்னதை ஒத்துக்கொண்டேன்.

"தெரியும் டீச்சர். பாத்துட்டு வந்தவங்க மொகம் அப்படி இருக்காது."

ஜனவரி 17, வெள்ளி

ஊசி போட்டாயிற்று. எறும்புக்கடி. இதற்குத்தான் ஒரு வருடம் சீட்டை ஒளித்து வைத்தேன்.

ஜனவரி 22, புதன்

இவர் மெதுவாக ஆரம்பித்தார். "இந்த பேட்ச்சோட நிறுத்திக்கலாமா வல்லி? உடம்பத்தான் சொல்லுதேன்."

"கிட்னி என்னக் கேட்டுட்டா போச்சு? கண்ணு கேட்டுட்டா போச்சு? நீங்க மட்டும் கேக்குறீங்க. அதனால பதில் சொல்லுதேன். முடியாது."

போய்க் கத்தரிக்காயை நறுக்கி, எனக்கு ஆகாத உப்புச்சத்து இறங்கட்டுமென்று வெந்நீரில் போட்டார்.

பிப்ரவரி 5, புதன்

லேசர் இரண்டாம் தடவையும் முடிந்தது. வலது கண்ணில் நிழல் ஆடுகிறது, அவ்வளவுதான். இடது கண்ணில் பூதக்கண்ணாடி வைத்தால் வரி நேராக நிற்கிறது. நேற்று டயாலிசிஸில் தண்ணீர் எடை ஒரு கிலோ எண்ணூறுதான். நர்ஸ் எடை மிஷினைத் தட்டிப் பார்த்தாள், கெட்டுப்போய்விட்டதோ என்று.

திருத்துவதற்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். ஒருத்தி தாளை இன்னொருத்தி உரக்க வாசிக்க வேண்டும், மூலத்தை நான் மனப்பாடமாக வைத்திருப்பேன். வார்த்தை பிசகினால் ஸ்கேலால் மேஜையைத் தட்டுவேன். கோடுகளை மட்டும் ஜெபமணி பார்க்கிறாள். அவள் கோட்டை யார் பார்ப்பது என்று கேட்டாள். உன் கோட்டை இனி யாரும் பார்க்க வேண்டாம் என்றேன். கோணலாக உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்தாள்.

பிப்ரவரி 12, புதன்

சின்ன எழுத்துகளை அடுக்கிப் பெரிய எழுத்து வரைகிற வித்தையை, பழைய நாளில் வாழ்த்து அட்டைக்குச் செய்வோம். இரண்டு நாள் உட்கார்ந்து அதையே செய்தேன். "கண் பார்த்தாச்சா?" என்று ஒரு தாளில் ஒரு எழுத்து, ஒரு சாண் உயரம் தெரிகிற மாதிரி. நேற்று சுடலைமுத்து அவற்றை டயாலிசிஸ் அறைச் சுவரில் வரிசையாக ஒட்டினார். சுவர் அழுக்காகும் என்று மேனேஜர் வந்து கிழிக்கப் பார்த்தார். நாங்கள் பதினாலு பேர் குழாயோடு படுத்தபடி கத்தினோம். போய்விட்டார்.

பதினாலு பேரில் ஆறு பேர் கண்ணைக் காட்டியதே இல்லை. அவர்களில் மூன்று பேரும் சுடலைமுத்துவும் வருகிற வெள்ளி மதுரைக்கு ஒரே வண்டியில் போகிறார்கள். அவருக்கு மிச்சமிருக்கும் கண்ணுக்கு ஆறு மாதப் பரிசோதனையாம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

தேர்வு. பயிற்சி கொடுத்தவர்களை ஹாலுக்குள் விடமாட்டார்கள். வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மணி அடித்ததும் ஐம்பது மிஷின் ஒன்றாக இறங்கியது. முதலில் ஒன்றும் பிரியவில்லை. அப்புறம் ஜெபமணி தட்டுவது தனியாகக் கேட்டது. ஒவ்வொரு வரி முடிவிலும் கேரேஜ் உருளையைச் சுண்டித் தள்ளுவாள், எத்தனை திட்டியும் விடாத பழக்கம். அது ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நேரம் முடியும் முன்னாலேயே அவள் சத்தம் ஓய்ந்தது. பிறகு கோடு போட்டிருப்பாள்.

வெளியே வந்தவள் என் வலது பக்கம் நின்றாள். சட்டென்று நினைவு வந்து இடது பக்கம் மாறி நின்றாள்.

"கோடு நேரா இருக்கு டீச்சர்."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

பிப்ரவரி 24, திங்கள்

லீவரை நானே, தெரிந்தே, வெள்ளைப் புள்ளிக்குத் தள்ளிவிட்டு இதை அடிக்கிறேன். இது உங்களுக்கு.

நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மாடியைப் பூட்டப்போவதில்லை. ஆகஸ்ட் தேர்வுக்கு எட்டுப் பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். இடது கண் இருக்கும்வரை கண்ணால் திருத்துவேன், அதுவும் போனால் காதால் திருத்துவேன். அடுத்த ஊசி மார்ச் 14, வெள்ளி. நான் மறந்த மாதிரி நடித்தால் நம்பாதீர்கள்.

ஒட்டடை அடித்த அன்று நீங்கள் இரண்டாம் தடவை ஏணியில் ஏறியது கோபத்தில் இல்லை என்று எனக்கு இப்போது தெரியும். ஒன்றுமில்லாத இடத்தில் எனக்காகத் துடைப்பத்தை வீசினீர்கள். அன்றைக்குக் கத்தியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இதை நேரில் சொல்ல என்னால் முடியாது. சொல்லவும் மாட்டேன்.

பென்சிலை அழுத்தித் தேய்க்காதீர்கள், தாள் கிழியும். படித்து முடித்ததும் என்னிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். வழக்கம்போல முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு ஓட்டை போடுங்கள்.